பென்சிலுக்குள் குச்சி எப்படிப் போனது? கைவிடாமல் படிக்கும் ஒரு படப் புத்தகம்

அன்றாடம் புழங்கும் பொருட்கள் எதிலிருந்து, எப்படி உருவாகின்றன என்று காட்டும் குழந்தைகள் புத்தகம் இது. மகளுக்கு எழுத்தே தெரியாத வயதில் வாங்கியது. இப்போது அவளே தம்பிக்குப் படித்துக் காட்டுகிறாள்.

எனக்குப் பிடித்தது பென்சில் பக்கம்தான். மரத்தில் துளை போட்டுக் குச்சியைச் செருகுவார்கள் என்றுதான் பலரும் நினைப்போம். விஷயம் வேறு. கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து, குச்சியாகப் பிழிந்து, சூளையில் சுடுகிறார்கள். மெல்லிய பலகையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிக் குச்சிகளை அடுக்கி, மேலே இன்னொரு பலகையைப் பசை போட்டு ஒட்டி, அப்புறம் தனித்தனிப் பென்சிலாக அறுக்கிறார்கள். மகள் உடனே ஒரு பென்சிலின் சீவாத முனையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குச்சியின் இருபுறமும் மயிரிழை போல ஒரு கோடு: பலகைகள் ஒட்டிய இடம்! களிமண் கூடினால் எழுத்து வெளிறும், கிராஃபைட் கூடினால் கருக்கும் என்பதும் ஓரத்தில் இருக்கிறது. 1795-ல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்ற கலவை முறை இது. அவர் பெயரையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கண்ணாடிப் பக்கம் ஏமாற்றம். மணல் குவியல், ஓர் அம்புக்குறி, பளபளவென்று ஒரு டம்ளர். அவ்வளவுதான். "மணலை வறுத்தா கண்ணாடி ஆயிடுமா?" என்று சின்னவன் கேட்டதில் தப்பே இல்லை. மணல் தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸ் போலச் சூடு வேண்டும். சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும். அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையாமலிருக்கச் சுண்ணாம்புக்கல் சேர்ப்பார்கள். இதை நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

அழிரப்பர் பக்கத்தில் மரத்திலிருந்து பால் வடிகிறது. படம் அழகு. ஆனால் இன்று பெட்டியில் கிடக்கும் அழிரப்பர்களில் பெரும்பாலானவை செயற்கை ரப்பர் அல்லது வினைல் பிளாஸ்டிக். மறுபதிப்பில் திருத்தினால் நல்லது. உப்பு, சோப்பு, பஞ்சு பக்கங்கள் பரவாயில்லை ரகம்.

தாள் தடிமன், நூல் தையல். இத்தனை புரட்டலுக்கும் ஒரு பக்கம்கூடக் கழன்று வரவில்லை. மூலைகள் மட்டும் நைந்து டேப் ஏறியிருக்கிறது. எழுத்து பொடி என்பதால் சின்னக் குழந்தை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஆள் வேண்டும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும்.