குன்னூருக்கு எத்தனை எழுத்து?

கு, ன், னூ, ர். நான்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பிஎச்பி என்ற நிரல்மொழியில் சொல்லின் நீளம் தரும் ஸ்ட்ர்லென்னைக் கேட்டால் 24 என்கிறது. எம்பி ஸ்ட்ர்லென் 8 என்கிறது. கிராஃபீம் ஸ்ட்ர்லென் மட்டும்தான் 4 என்கிறது.

மூன்றும் பொய் சொல்லவில்லை. முதலாவது பைட்டை, அதாவது கணினி நினைவின் சிறு அலகை, எண்ணுகிறது; இரண்டாவது குறியை; மூன்றாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தை. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகள். ஆக 8 குறி, 24 பைட்.

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்ட் ஒருவருக்கு எடைச் சீட்டு நிரல் எழுதியபோதுதான் இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது. ஊர்ப்பெயரை 20 பைட்டில் வெட்டினேன். 'குன்னூ'வும் அதன் வாலில் ஒரு கேள்விக்குறிக் கட்டமும் வந்தன. பார்த்தவுடன் பிழை தெரிந்தது. எம்பி வகைக்கு மாறி 7 குறியில் வெட்டினேன். 'குன்னூர' என்று வந்தது. புள்ளி போனது யார் கண்ணிலும் படவில்லை. சீட்டு பல நாள் அப்படியே போயிற்று. என்னைக் கேட்டால், தமிழுக்கு இந்த நடுவழிதான் மிக ஆபத்தானது. பைட் கணக்கு கத்திக் காட்டிக்கொடுக்கும். குறிக் கணக்கு சத்தமின்றி எழுத்துப்பிழை செய்யும்.

பைத்தான் 3 என்ற நிரல்மொழி அந்த நடுவழியையே இயல்பாக வைத்திருக்கிறது. நீளம் தரும் லென்னைக் கேட்டால் 8. சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து நிற்கும். ஓப்பன்-தமிழ் என்ற ஆயத்த நிரல் நூலகத்தைச் சேர்த்தால் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. கோ மொழி 24 என்கிறது. 1992இல் யுடிஎஃப்-8ஐ வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கியவர்களில் இருக்கும் மொழி, பைட்டை எண்ணுவதில் வியப்பில்லை.

ஸ்விஃப்ட் மொழிதான் நம் பள்ளிக் கணக்குக்கு மிக அருகில் வருகிறது. கவுண்ட் என்றால் 4. இன்னொரு நன்மையும் உண்டு. 'கோத்தகிரி'யின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஸ்விஃப்ட் இரண்டையும் ஒன்றென்கிறது. பிஎச்பியும் பைத்தானும் வேறு என்கின்றன. எங்கள் மாதக் கணக்கில் ஒரே ஊர் இரண்டு வரியில் வந்தது இதனால்தான். உள்ளே வரும்போதே, இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் தீரும். ஸ்விஃப்டிலும் ஒரு குறை: ஒரே உருவாகத் தெரியும் 'ஸ்ரீ'யை அது இரண்டாக எண்ணுகிறது.

சீட்டுக்குக் கிராஃபீம் வகையே என்று முடிவுசெய்தேன். ஆனால் விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸில் கணக்கு மாறுகிறது. தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம். அங்கே எண்ணப்படுவது யுடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையின் அலகு; தமிழில் குறிக்கு ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் லெங்த் எண்ணுவதும் அதைத்தான், ஆகவே அங்கே அதன் எண்ணிக்கையே சரி. ஏஜென்ட் அண்ணனுக்குத் தொடக்கத்தில் 'வணக்கம்' கட்டாயம் வேண்டுமாம்: 5 எழுத்து, 7 இடம். அதற்கு இடம் விட ஊர்ப்பெயரை எடுத்துவிட்டேன்.