ஹோமோஜனைசர்: நாலு வருஷம், ஐந்து புஷ்

"அக்கா, கொழும்பில் ஒருவர் உங்களிடம் இருக்கிற அதே ஹோமோஜனைசரைப் பாதி விலைக்கு விற்கிறார், வாங்கட்டா?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள். திரவங்களை அதிவேகத்தில் கலக்கி நுண்ணிய துளிகளாக உடைக்கும் மெஷின் அது. நேற்றுத்தான் என்னுடையதற்கு ஐந்தாவது முறையாகப் புஷ், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், மாற்றினேன். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். டைகுளோரோமீதேன் என்ற கரைப்பானில் கரைத்த பிஎல்ஜிஏயை (உடம்புக்குள் தானே உடைந்துபோகும் பிளாஸ்டிக்) ஊசியால் பிவிஏ கரைசலுக்குள் (துளிகள் ஒட்டாமல் காக்கும் பொருள் கலந்த தண்ணீர்) விட்டு நிமிஷத்துக்கு 8000 சுற்றில் ஓடவிட்டால், ஒரு நிமிஷத்தில் பால் மாதிரி வெளுத்துவிடும். அப்புறம் மூன்று மணித்தியாலம் மெதுவாகக் கலக்கினால் கரைப்பான் பறந்து, துளிகள் இறுகி உருண்டைகளாகும். கரைப்பான் போகப்போகத் துளி சுருங்கும், ஆனாலும் துணிக்கையின் அளவு துளியின் அளவைப் பொறுத்தது, துளியின் அளவு வேகத்தைப் பொறுத்தது. அதனால் வேகம் ஆடக்கூடாது. இது ஆடியதே இல்லை.

கரைப்பான் 40 பாகையில் கொதிக்கும். ஏசி நின்றால் எங்கள் ஆய்வுகூடத்தில் பகலில் 31. ஐஸ் இல்லாமல் தொட முடியாது. அது கொழும்பின் பிழை, மெஷினின் பிழை இல்லை.

மெஷினின் பிழை அந்த டெப்லோன் புஷ். தண்டின் அடியில் விரல்நக அளவில் ஒரு வெள்ளை வளையம். சுற்றியுள்ள திரவம்தான் அதற்கு எண்ணெய். பிவிஏ நுரைக்கும், நுரைக்குள் ஓடினால் சூடேறித் தேயும். தேய்ந்த தூள் எங்கே போகும்? துணிக்கைகளோடுதான். இரண்டும் வெள்ளை. ஒருமுறை உலர்த்திய தூளை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன்: அழகான உருண்டைகள், நடுவே பென்சில் சீவல் போலச் சுருள்கள். சந்தேகம் தீர ஒரு சொட்டு டைகுளோரோமீதேன் விட்டேன். உருண்டைகள் கரைந்தன, சுருள்கள் அப்படியே. உடம்புக்குள் லக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமுமாக உடைந்து போகவேண்டிய சரக்கில், ஒருநாளும் உடையாத டெப்லோன்! இரண்டு மாத வேலை குப்பைக்கு.

புஷ்ஷைத் தனியாகத் தரமாட்டார்களாம், முழுத் தண்டாக வாங்கவேண்டுமாம். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், லேத்தில் கடைசல் வேலை செய்யும் ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வாகனத்துக்கு?" என்றார். அரை மணித்தியாலத்தில் கடைந்து தந்தார். கம்பனி புஷ்ஷைவிட அது கூட நாள் தாக்குப்பிடித்தது.

சரி, முதல் இரண்டும் தேய்ந்தது தண்டைப் போதிய ஆழத்துக்கு இறக்காத என் அவசரத்தால்தான். ஒத்துக்கொள்கிறேன். மற்ற மூன்று?

தங்கச்சி, வாங்காதே. விலை இன்னும் இறங்கினால் மட்டும் எனக்கு ஒரு சொல் சொல்லு. இன்னொன்று எடுத்து வைக்கலாம்.