பழைய ரவுட்டரில் ஓப்பன் டபிள்யூஆர்டி: வேகம் குறைந்தது, வகுப்பு தடையில்லாமல் ஓடுகிறது

எங்கள் வீட்டு இணையம் இப்போது முன்பைவிடப் பத்து சதவீதம் மெதுவாக ஓடுகிறது. நானாகத்தான் குறைத்தேன். குறைத்ததிலிருந்து வீட்டில் யாரும் “நெட் போச்சா?” என்று கத்துவதில்லை. இதற்குக் காரணம், ரவுட்டரோடு வரும் மென்பொருளை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஏற்றும் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள். புது ரவுட்டர் எதுவும் வாங்கவில்லை. அலமாரியில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரே இதற்குப் போதுமானதாக இருந்தது.

நான் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். திரையில் எழுதிக்கொண்டே பேச வேண்டும், பிள்ளைகள் நடுவில் சந்தேகம் கேட்பார்கள், உடனே பதில் சொல்ல வேண்டும். எங்கள் இணைப்பு 100 மெகாபிட் டவுன்லோடு, 20 மெகாபிட் அப்லோடு. ஒரு வீடியோ வகுப்புக்கு இரண்டு மூன்று மெகாபிட் இருந்தாலே தாராளம். ஆனாலும் சாயங்கால வகுப்புகளில் மட்டும் என் குரல் துண்டு துண்டாகப் போகும். கேள்வி கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சரி, தெரியவில்லை போல என்று விடையைச் சொல்லி அடுத்த கணக்குக்குப் போனால், அப்போதுதான் நாலு பேர் சரியான விடையோடு வந்து நிற்பார்கள். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100ஐத் தொடும். சேவை நிறுவனத்துக்குப் போன் செய்தால் அதே 100ஐக் காட்டி “எல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு” என்பார்கள்.

மகன்தான் கவனித்துச் சொன்னான்: “அம்மா, அப்பா வந்ததும்தான் உனக்குக் கட் ஆகுது.” சிரித்தோம், ஆனால் அவன் சொன்னது அப்படியே உண்மை. என் கணவருடைய வேலையில் நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குள் கால் வைத்ததும் அவர் போன் வைஃபையைப் பிடித்துக்கொண்டு, அன்றைய படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கிவிடும்.

இதை உறுதிசெய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சின்னச் செய்தி இணையத்துக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ‘பிங்’கைக் கணினியில் ஓடவிட்டேன். வீடு சும்மா இருக்கும்போது 14 மில்லி விநாடி. அவர் போனில் படங்களை ஏற்றச் சொன்னதும் எண் ஏறிக்கொண்டே போய் 700ஐத் தொட்டது. ஏற்றத்தை நிறுத்தினால் மறுபடி 14. தொலைபேசிப் பேச்சு இயல்பாக இருக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இருக்கிறது. முக்கால் விநாடி தாமதத்தில் கணக்கு வகுப்பு எப்படி நடக்கும்?

அந்த 700 எங்கிருந்து வருகிறது என்பதைப் பெருக்கல் தெரிந்தாலே கண்டுபிடித்துவிடலாம். அப்லோடு 20 மெகாபிட். 0.7 விநாடியில் அது அனுப்பக்கூடியது 14 மெகாபிட், அதாவது ஒன்றே முக்கால் மெகாபைட். அவ்வளவு தரவு எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். நிற்கும் இடம் சேவை நிறுவனம் கொடுத்த பெட்டிதான். மருந்துக் கடையில் ஒரே ஒரு மாத்திரை வாங்க வந்தவர், மாதச் சீட்டோடு நிற்பவருக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதுபோல, என் குரலைச் சுமந்த சின்னப் பாக்கெட் (இணையத்தில் தரவு இப்படித் துண்டு துண்டாகத்தான் போகும்) இவருடைய படங்களுக்குப் பின்னால் காத்துக்கிடக்கிறது.

வரிசை ஏன் இவ்வளவு நீளமாகிறது? தரவை அனுப்பும் கணினி, ஏதாவது ஒரு பாக்கெட் வழியில் விழும்வரை, அதாவது போய்ச் சேராமல் தொலையும்வரை, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். விழுந்தால்தான் ‘சரி, நெரிசல்’ என்று குறைத்துக்கொள்ளும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே 32 கிலோபிட் வேகம் திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. கிலோபிட் இல்லை, வெறும் பிட். அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் கொடுத்த தீர்வில்தான் பாக்கெட் விழுவதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் முறை நிலைத்தது. பிறகு நினைவகச் சில்லு மலிவானது. பெட்டி செய்பவர்கள் பாக்கெட் விழவே கூடாது என்று பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடையகங்களைப் பெரிது பெரிதாக வைத்துவிட்டார்கள். பாக்கெட் விழாததால் அனுப்புகிற கணினிக்கு நெரிசல் தெரிவதே இல்லை, அது கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார். 2012இல் அதே ஜேக்கப்சன், கேத்லீன் நிக்கோல்ஸோடு சேர்ந்து ‘கோடல்’ என்ற முறையைக் கொண்டுவந்தார். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று பார்க்கும். காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லி விநாடி தொடர்ந்தால் பாக்கெட்டுகளை வேண்டுமென்றே கைவிடத் தொடங்கும். இதை வீட்டு ரவுட்டர்களுக்குள் கொண்டுவரப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் காலமானார். வகுப்பு தடையில்லாமல் முடியும் சில சாயங்காலங்களில் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நிறுவுவதற்கு வருகிறேன். ஓப்பன் டபிள்யூஆர்டி 2004இல் தொடங்கியது. லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் நீலக் கறுப்பு ரவுட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் ஓடுகிறது என்று தெரியவந்து, அதன் மூலநிரலை வெளியிட வேண்டி வந்ததில் பிறந்த திட்டம். இன்றைக்கு நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் ஓடும். உங்களுடையதில் ஓடுமா என்று பார்க்க, ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, ‘வி1’, ‘வி3’ என்று போட்டிருக்கும் பதிப்பும் முக்கியம். ஒரே பெயரில் வரும் இரண்டு பதிப்புகளுக்குள் வேறு வேறு சில்லுகள் இருக்கும். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள மிகப் பழையவற்றில் இப்போதைய பதிப்பு ஏறாது. பிராட்காம் வைஃபை சில்லு உள்ளவற்றைத் தவிர்ப்பது நல்லது, சில்லை இயக்கும் திறந்த மென்பொருள் (டிரைவர்) போதாமல் வைஃபை அரைகுறையாக நிற்கும்.

என்னுடையதில் பழைய நிர்வாகப் பக்கத்தின் ‘அப்டேட்’ வழியாகவே ஓப்பன் டபிள்யூஆர்டி கோப்பை ஏற்ற முடிந்தது. ஏறி முடித்ததும் வைஃபை காணாமல் போய்விடும், பயப்பட வேண்டாம். ஓப்பன் டபிள்யூஆர்டி பொதுவாக வைஃபையை அணைத்த நிலையில்தான் தொடங்கும். கேபிளைக் கணினியில் செருகி 192.168.1.1 என்று போட்டால் ‘லூசி’ என்ற நிர்வாகப் பக்கம் வரும். கடவுச்சொல் இருக்காது. முதல் வேலையாக ஒன்றை வைத்துவிடுங்கள்.

முக்கியமான வேலை அடுத்தது. வரிசையை ஒழுங்குபடுத்தும் ‘எஸ்.க்யூ.எம்.’ என்ற கூடுதல் மென்பொருள் பொதியைச் சேர்த்தால் பட்டியலில் ஒரு புதிய பக்கம் முளைக்கும். அதில் இணையம் வரும் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு எண்களை எழுத வேண்டும். கிலோபிட்டில் எழுத வேண்டும். நான் டவுன்லோடுக்கு 90000, அப்லோடுக்கு 18000 போட்டேன். வரிசை முறைக்கு ‘கேக்’. 2018இல் லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே சேர்ந்துவிட்ட முறை அது, கோடலின் அடுத்த தலைமுறை. இணைப்பின் வகைக்கேற்ப ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை பைட் கூடுதல் சுமை என்று கேட்கும் மூன்றாவது பக்கத்தில் 44 போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை நூல் பிடித்துச் சரிசெய்ய நினைப்பவர்களுக்குப் பொறுமை அதிகம்.

உள்ள வேகத்தைவிடக் குறைத்துப் போடுவது ஏன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிறுவனத்தின் பெட்டிக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவில் இப்போது என் ரவுட்டர் நிற்கிறது. அந்தப் பெட்டி 20 மெகாபிட் அனுப்பும். நான் அதற்கு 18தான் தருகிறேன் என்றால் அங்கே வரிசை சேரவே சேராது. சேர்கிற வரிசை முழுக்க என் ரவுட்டருக்குள் வந்துவிடும், அங்கே யார் முன்னால் போகலாம் என்பதை கேக் பார்த்துக்கொள்ளும். அது ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி மாற்றி மாற்றி விடுகிறது. ஆயிரம் படங்கள் ஏறிக்கொண்டிருந்தாலும் என் குரலுக்கான முறை உடனே வந்துவிடும்.

மறுபடி அதே சோதனை: இவர் போனில் படங்கள் ஏற, என் கணினியில் பிங். 18, 22, 19, 25. 700 எங்கே போனது என்று தெரியவில்லை. படங்கள் ஏறி முடிய முன்பைவிடக் கொஞ்சம் நேரமாகிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. மகனுக்குத் தெரிந்தது. “டவுன்லோடு 90தான் வருதும்மா, பத்தைக் காணோம்” என்று முறையிட்டான். ஆனால் அவன் விளையாட்டில் பிங் நிலையாக நிற்பதைப் பார்த்தபிறகு அந்தப் பத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

லூசி பக்கத்தில் எதிர்பாராமல் கிடைத்த ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று முகப்பிலேயே காட்டுகிறது. என் மேசைக்கு வரும் கேபிளில் ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகள். ஆயிரம் மெகாபிட்டுக்கு நான்கு இணையும் வேண்டும், நூறுக்கு இரண்டே போதும். நூறுக்குத் தேவைப்படாத நீல, பழுப்பு இணைகளில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால் பெரும்பாலும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும், இணைப்பு மட்டும் அறுந்து போகாது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்புக் கம்பி நுனிவரை போகாமல் அரை மில்லிமீட்டர் பின்னால் நின்றது. வெட்டிவிட்டு ஆரஞ்சு-வெள்ளையில் தொடங்கி வரிசையாக அடுக்கிப் புதுப் பிளக்கை அழுத்தியதும் ஆயிரம் வந்துவிட்டது. நூறு மெகாபிட் இணைப்பில் இதனால் வெளியே பெரிய மாற்றமில்லைதான், ஆனால் வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பாடக் காணொளிகளை நகர்த்துவது நன்றாகவே வேகமானது.

குறைகள் இல்லாமல் இல்லை. இதற்கென்று பளபளப்பான போன் செயலி கிடையாது. செட்டிங் பக்கங்கள் பொறியாளருக்காகப் பொறியாளர் எழுதியவை. ஒரு பெட்டியில் என்ன போடுவது என்று தெரியாவிட்டால் தொடாமல் விடுவதே நல்லது. புதிய பதிப்புக்கு மாறும்போது நாம் சேர்த்த பொதிகள் போய்விடும், எஸ்.க்யூ.எம்.மும் சேர்த்துத்தான். ‘அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு’ என்ற வழியில் போனால் அவற்றையும் சேர்த்தே புதுக்கோப்பு தயாராகிவிடும். அதை மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்றும்போது மின்சாரம் போனால் ரவுட்டர் செங்கல்லாகும், அதாவது எதற்கும் அசையாமல் செத்துக் கிடக்கும் வாய்ப்பும் உண்டு. மீட்க வழி இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையை அதற்கு எழுதி வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, இந்த வரிசைக் கணக்கையெல்லாம் ரவுட்டரின் மூளைதான் போடுகிறது. விரைவுக்காகத் தயாரிப்பாளர்கள் வைக்கும் ‘ஹார்டுவேர் ஆஃப்லோடு’ குறுக்குவழியை அணைத்தாக வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டுகள் எஸ்.க்யூ.எம்.மைத் தொடாமலே ஓடிவிடும். அணைத்தால் சில நூறு மெகாபிட்டுக்கு மேல் பழைய ரவுட்டர்கள் மூச்சுவாங்கும். உங்கள் இணைப்பு 500, 1000 என்று இருந்தால் கொஞ்சம் வலுவான ரவுட்டர் தேவைப்படும். அந்த வேகத்தில், அதுவும் அப்லோடும் அதே அளவு இருக்கும் ஃபைபரில், இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தலைகாட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைஃபை சிக்னல் சுவரைத் தாண்டவில்லை என்பது இதில் தீராது. அது வேறு நோய். இதை நிறுவலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்து, சோதனை முடிந்ததும் கூடுதல் விவரத்தை அழுத்திப் பாருங்கள். இணைப்பு சும்மா இருக்கும்போதும் சுமையோடு இருக்கும்போதும் தாமதம் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். கேபிளில் செருகிய கணினியிலிருந்து பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் வித்தியாசம் முப்பது நாற்பது மில்லி விநாடிக்குள் இருந்தால் உங்கள் பழைய ரவுட்டரை அலமாரியிலேயே விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒட்டுச்சீட்டைப் படிக்க ஆரம்பியுங்கள்.