21 நாளில் டிரெயினிங் காரண்டி என்று வருபவரிடம் நாய்க்குட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்

சின்ன ரக நாய்க்குட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, வீட்டில் ஒருவருக்குக் குட்டி என்றால் உயிர், இன்னொருவருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் என்று இருக்கிற வீடுகளுக்கு. "குட்டியை எங்கிட்ட விடுங்க, 21 நாள்ல பாட்டி டிரெயினிங் (மூத்திரம், மலம் போக இடம் பழக்குவது) முடிச்சுத் தர்றேன், காரண்டி" என்று இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிற ஆட்கள் சென்னையில் இப்போது நிறைய. அப்படி ஒருவரிடம் எங்கள் பொமரேனியன் குட்டியையும் 18,000 ரூபாயையும் கொடுத்து, குட்டியை இருமலோடு திருப்பி வாங்கி வந்தோம். பணம் இன்னும் வரவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயரைப் போடவில்லை, ஆனால் அவர் என்ன பேசினார், என்ன செய்தார் என்று சொன்னால் அடுத்த ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

குட்டி பெயர் சீடை. வந்தபோது மூன்று மாதம்கூட நிறையவில்லை. பெண்ணுக்கும் எனக்கும் ஆசை, என் கணவருக்கு "சரி, வாங்கிக்கோங்க" என்கிற அளவுக்குத்தான் விருப்பம். அவர் அமெரிக்க நேரத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். நடுராத்திரி மீட்டிங் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஹாலில் காலை வைத்த இடமெல்லாம் ஈரம். கால்மிதி, லேப்டாப் பை, பூஜை அறை வாசல் என்று ஒன்றையும் விடவில்லை. கீழே கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் போகாது, லிஃப்டில் மேலே வந்து கதவைத் திறந்தவுடனே வாசலிலேயே போகும். இதைப் பார்த்துத்தான் அவர், "இது வேணும்னே பண்ணுது, ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

உண்மையில் அந்த வயதில் அதற்கு அடக்கவே தெரியாது. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்று கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அதிகபட்சம் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், சின்ன ரகத்துக்கு சிறுநீர்ப்பை இன்னும் சின்னது, விழித்துக்கொண்டு ஓடியாடினால் அதற்கும் முன்பே வந்துவிடும். வெளியே போகாததற்குக் காரணம் பயம்: வண்டிச் சத்தம், தெருநாய்கள், புது வாசனை. வீட்டுக்குள் வந்ததும் பயம் விடுகிறது, கூடவே மூத்திரமும் வருகிறது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு நனைந்த சாக்ஸோடு நிற்கிற மனுஷனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பயிற்சியாளர் வந்தார். வந்தவர் குட்டியைப் பார்த்ததைவிட எங்களைப் பார்த்ததுதான் அதிகம். தடுப்பூசி அட்டையைக் கேட்கவில்லை. எத்தனை வேளை சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது, போன இடத்தை எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள், ஒரு கேள்வியும் இல்லை. யார் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவர் பக்கமாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "சார், தப்பு நாய் மேல இல்ல. மேடம் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க. நாய்க்கு ஒரு லீடர் வேணும், அது நீங்கதான்." என் கணவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளாக அவர் சொல்லி யாரும் கேட்காததை வெளியாள் ஒருவர் சர்டிஃபிகேட் மாதிரி சொல்லிவிட்டார். பணம் ஜிபேயில் அப்போதே போய்விட்டது. நான் மேற்கொண்டு ஏதாவது கேட்டால் வீட்டுச் சண்டை, அது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த 'லீடர்' கதை எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். 1940களில், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைத்து வைத்த இடத்தில் அவை போட்ட சண்டையைப் பார்த்து எழுதப்பட்டது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் (David Mech) என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், தலைவன் பதவிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் இல்லை என்று பின்னாளில் திருத்தினார். நம் ஊர் ரீல்ஸுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

முதல் வாரம் தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. சீடை உட்கார்கிறது, எழுகிறது, செய்தித்தாள் மேல் போகிறது. கணவர் அதை அலுவலக நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் கொடியில் ஒரு நீலக்கோடு போட்ட துண்டு, ஒரு முனை மடங்கி, அந்த மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லா வீடியோவிலும் அதே துண்டு, அதே மடிப்பு, அதே சொட்டு. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு தினம் ஒன்றாக அனுப்பியிருக்கிறார். நேரில் பார்க்க வரட்டுமா என்றால், "நீங்க வந்தா அதோட ஃபோகஸ் போயிடும் மேடம்." இந்த வசனம் வந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். நானும் என் தம்பியும் சொல்லாமல் போய் நின்றோம்.

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. வரிசையாகக் கூண்டுகள், பெரும்பாலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட். அவற்றுக்குப் போடுகிற, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினிலேயே சின்னதாக ஒன்று சீடை கழுத்தில். கூண்டுத் தரையில் அதன் மூத்திரம் காய்ந்து, அதன் மேலேயே படுத்திருந்தது. படுக்கிற இடத்தை அசுத்தம் பண்ணக் கூடாது என்ற எண்ணம் நாய்க்குட்டிக்கு இயல்பிலேயே உண்டு, பாட்டி டிரெயினிங் என்பதே அதை வைத்துத்தான். வெளியே விடாமல் அடைத்துப் போட்டால் வேறு வழியில்லாமல் அந்த எண்ணமும் செத்துப்போகும். அதாவது காசு கொடுத்து, இருந்த பழக்கத்தையும் கெடுத்துக்கொண்டோம். சாப்பாடு ஒரு வேளைதானாம், "பசி இருந்தாத்தான் சொன்னதைக் கேக்கும்." இந்த அளவு சின்னக் குட்டியைப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து உயிரே போகலாம். மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டிய வயது அது.

அன்றைக்கே தூக்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனோம். எடை குறைந்திருந்தது, காதுமடலில் உண்ணி, கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்திருந்தது. தண்ணீர் குடித்தாலும் துள்ளினாலும் வாத்து கத்துகிற மாதிரி ஓர் இருமல். பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர் போன்ற ரகங்களுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் பலவீனமாக இருக்கும், கழுத்தை இறுக்கி இழுத்தால் அது இன்னும் மோசமாகும், ஆகவே இனிமேல் மார்பில் மாட்டுகிற ஹார்னஸ்தான் என்றார் டாக்டர். ஷீட்ஸூ, பக் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அந்தத் தட்டை முக ரகங்களில் கழுத்தை இறுக்கினால் கண் விழியே வெளியே பிதுங்கிவிடும் ஆபத்து உண்டு. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் நோய் வராமல் தப்பியது அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டு முடிக்கும் முன்பு, பல நாய்கள் வந்துபோகிற இடத்தில் குட்டியை விடவே கூடாது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் கணவர் அலமாரி மேலிருந்து ஒரு ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கினார், அவ்வளவுதான். சீடை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, காதை மடக்கி, அப்படியே மூத்திரம் போய்விட்டது. அடங்கிப்போய் விடுகிற மூத்திரம் அது. அதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும். அன்றைக்குத் துடைத்தது அவர்தான்.

அப்புறம் நாங்கள் செய்ததில் மாயம் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், விளையாட்டு நடுவில், பால்கனியில் விரித்த ஷீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது. போய் முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே வைத்து, ஒரு துணுக்குக் கோழிக்கறி. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில் சின்னத் தடுப்புக்குள். அமோனியா உள்ள திரவத்தால் துடைப்பதை நிறுத்தினோம், அந்த வாடை மூத்திர வாடை மாதிரியே இருந்து திரும்ப அங்கேயே இழுக்கும். அதற்குப் பதில், மூத்திர வாடையையே நீக்குகிற என்சைம் கிளீனர் என்று கேட்டால் பெட் ஷாப்பில் தருவார்கள். ராத்திரி ஷிஃப்டில் விழித்திருப்பவர் கணவர்தான் என்பதால் ரெண்டு மணி முறை அவருடையது. முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார், செய்கிறார் அல்லவா, அது போதும். இப்போதும் எப்போதாவது ஹாலில் ஈரம் இருக்கத்தான் செய்கிறது.

பணம் கேட்டதற்கு அந்த ஆள் என்னை பிளாக் பண்ணிவிட்டு, என் கணவருக்குப் போன் போட்டு, "சார், நீங்களே மேடத்துக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார். இந்த முறை அது பலிக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறோம். அது சமரச முயற்சிதான், தீர்ப்பு கிடையாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அவர் பில் தரவில்லை, ஆனால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த வீடியோக்கள், டாக்டர் சீட்டு எல்லாம் இருக்கின்றன. தயவுசெய்து கோபத்தில் வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, 1960இல் வந்தது. அடிப்பதும் பட்டினி போடுவதும் அதன் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 18,000 வாங்கியவரை அது என்ன பண்ணப்போகிறது, நீங்களே சொல்லுங்கள்.

நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், பிறகு எங்களுக்கே ஒருவர் கிடைத்தார். அவர் உங்கள் வீட்டுக்கு வருவார், குட்டியோடு உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார், தடுப்பூசி அட்டையை முதலில் கேட்பார், காரண்டி தரமாட்டார். "குட்டி தப்புப் பண்ணினால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பதிலில் செயினோ அடியோ பட்டினியோ வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே எங்கேயாவது விட்டிருந்தால் போன் பண்ணாமல் இன்றைக்கே போய்ப் பாருங்கள். கழுத்து முடியை விலக்கிப் பாருங்கள், தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறதா என்று கவனியுங்கள், இருமினால் மீதிப் பணத்தைப் பற்றி யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.