கோத்தகிரியில் வீடு: கல்வீடா, பில்லர் வீடா?

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் சுமார் 6 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்தது. நீலகிரிக்கு அது அடிவாரம்தான். அதனால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் நிலநடுக்கத்தையும் கணக்கில் வைத்தே ஆகவேண்டும்.

கல்வீட்டின் பலவீனத்தை 1993இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நிலநடுக்கம் காட்டியது. அளவு 6.2தான்; இறந்தவர்கள் கிட்டத்தட்ட 10,000 பேர். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்கள் உள்முகம் வேறு, வெளிமுகம் வேறாகப் பிரிய, கனத்த மண் கூரை தூங்கியவர்கள் மேல் இறங்கியது. நம் பழைய வீடுகள் பலவற்றில் தகரக் கூரை. அது பெரிய ஆறுதல். சுவரின் இரு முகத்தையும் கோக்கும் நீளக்கற்களும், கதவு, ஜன்னல்களுக்கு மேல் வீட்டைச் சுற்றி ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டையும் (லிண்டல் பெல்ட்) இருந்தால் ஒற்றைத்தளக் கல்வீட்டை நம்பலாம்.

கான்கிரீட் தூண்களில் நிற்கும் பில்லர் வீடு? 2001 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்திலேயே அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் கீழ்த்தளம் சுவரில்லாத கார் நிறுத்தம். நம் சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு: மேட்டுப்பக்கம் 3 அடி பில்லர், பள்ளத்துப்பக்கம் 12 அடி. குட்டை பில்லர் வளைந்து கொடுக்காது. அதிர்வின் பெரும்பங்கை வாங்கி முதலில் உடையும்.

என்னைக் கேட்டால் பெல்ட் போட்ட கல்வீடுதான். பில்லரே வேண்டுமென்றால் கீழ்த்தளத்தைத் திறந்து விடாமல் கான்கிரீட் சுவர் எழுப்ப இன்ஜினியரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.