சிறுகுடல் கட்டி: கேப்ஸ்யூலா, சிடியா, பலூனா?

இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் போகிறது, ஹீமோகுளோபின் ஏறவில்லை. எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டும் சுத்தம். அப்புறம்தான் நடுவில் சுருண்டு கிடக்கும் ஆறேழு மீட்டர் சிறுகுடல் மேல் சந்தேகம் விழுகிறது. அடினோமா (சுரப்பித் திசுக் கட்டி), லிப்போமா (கொழுப்புக் கட்டி), லியோமயோமா (தசைக் கட்டி) போன்ற புற்றுநோய் அல்லாத கட்டிகள் அங்கே சத்தமில்லாமல் இரத்தம் கசியவிடும்.

வலியில்லாமல் கசிவு மட்டும் என்றால் என் ஓட்டு கேப்ஸ்யூலுக்கு, அதாவது மாத்திரை வடிவக் கேமராவுக்கு. சுமார் 26 மி.மீ. நீளம், தண்ணீரோடு விழுங்கிவிட்டு, இடுப்பில் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு நடமாடலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும். ஆனால் நிறுத்தித் திரும்பிப் பார்க்காது, சோதனைக்குச் சதை எடுக்காது. உட்சவ்வுக்கு அடியில் வளரும் கட்டி அதற்கு வெறும் மேடு. பக்கத்துக் குடல் அழுத்தினாலும் அதே மேடுதான் தெரியும். குடல் குறுகியிருந்தால் கேப்ஸ்யூலே சிக்கிக்கொள்ளும்.

ஆகவே சாப்பிட்டதும் வயிறு பிடித்து இழுக்கிறது, வாந்தி வருகிறது என்றால் முதலில் சிடி ஸ்கேன். சாதாரண சிடி போதாது. ஒன்றரை லிட்டர் அளவுக்கு மானிட்டால் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் குடலை விரித்த பிறகு எடுப்பது. லிப்போமாவுக்கு இதை அடிக்க ஆளில்லை: கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பெரும்பாலும் பயாப்ஸியே (சதை எடுத்துச் சோதிப்பதே) வேண்டாம். சின்ன, தட்டையான கட்டிகள் மட்டும் தப்பிவிடும்.

பலூன் எண்டோஸ்கோபி, அதாவது பலூன் பொருத்திய கேமராக் குழாய், ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ கொண்டுவந்தது. பாவாடைக்கு நாடா கோக்கும்போது துணி சுருங்கி ஏறுமே, அப்படிக் குடலைக் குழாய் மேல் ஏற்றுவார்கள். சதை எடுக்கலாம், பாலிப்பை (உட்சுவரில் முளைக்கும் சதைத்திரளை) வெட்டலாம், அறுவை செய்பவருக்கு மையால் குறி வைக்கலாம். இதற்குக் கொடுக்கும் விலை? மயக்க மருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் வாய் வழி ஒரு நாள், ஆசனவாய் வழி ஒரு நாள். அரிதாகக் குடலில் ஓட்டை, கணைய அழற்சி. வெறுமனே தேடிப் பார்ப்பதற்கு இதை முதலில் செய்வது வீண் சிரமம்.

உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்புகளுமாகப் பரம்பரையாக வரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயில் கணக்கு மாறும். சிறு வயதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குடலைப் பார்க்க வேண்டும். அத்தனை முறை சிடி கதிர்வீச்சு வேண்டாம். கேப்ஸ்யூலோ எம்ஆர்ஐயோ பார்த்து, பாலிப் ஒன்றரை இரண்டு செ.மீ.யைத் தாண்டினால், குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் முன் பலூன் வழியாக எடுத்துவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும்: விழுங்கிய கேப்ஸ்யூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ பக்கம் போகக்கூடாது. சந்தேகமென்றால் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.