கஞ்சா: புகையா, மருந்தா?

"இயற்கையானதுதானே, என்ன கெட்டுவிடும்?" என்று கஞ்சாவுக்குப் பரிந்து பேசுவோர் உண்டு. அரளி விதையும் இயற்கைதான்.

புகையின் பலம் அதன் வேகம். சில நிமிடங்களில் வலி மட்டுப்படலாம், குமட்டல் அடங்கலாம். ஆனால் ஓர் இழுப்பில் எவ்வளவு டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், உள்ளே போகிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. செடிக்குச் செடி வீரியம் மாறும். தாரும் கார்பன் மோனாக்சைடும் இலவச இணைப்பு. இன்னொரு வேடிக்கை: குமட்டலுக்காக இழுக்கிற இதே கஞ்சா, பல வருடம் பழகிய சிலருக்கு அடக்க முடியாத வாந்தியைக் கொண்டுவருகிறது. வெந்நீரில் குளித்தால்தான் கொஞ்சம் தணியும்.

மருந்து வடிவத்தில் அளவு மில்லிகிராமில் தெரியும். கீமோதெரபி குமட்டலுக்கான ட்ரோனாபினால் (செயற்கை டிஎச்சி) கேப்சூல் 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிராவெட் போன்ற கடும் வலிப்பு நோய்களுக்கு 2018-ல் எபிடியோலெக்ஸ் வந்தது. இது கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான கன்னாபிடியாலின் திரவம், போதை தராது. அதற்காகச் சாதுவான மருந்து என்று நினைக்க வேண்டாம். தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். கல்லீரல் நொதிகள் ஏறலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். கேப்சூல் வேலை செய்யவும் நேரம் பிடிக்கும்.

என் ஓட்டு மருந்துக்குத்தான், அதுவும் வழக்கமான சிகிச்சை கைகொடுக்காதபோது. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, புகை, கேப்சூல் எந்த வடிவிலும் டிஎச்சி வேண்டாம்.